பட்டியலில் எந்தப் பள்ளி முதல்? இடைநிலைப்பள்ளிகளை ஒப்பிடும் நம் வழக்கம் பற்றி ஒரு விமர்சனம்

எஸ்பிஎம் முடிவு வெளிவந்த சில நாளிலேயே புலனக் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றத் தொடங்கிவிடும். மாவட்டத்தின் இடைநிலைப்பள்ளிகள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண் இருக்கும். யார் தயாரித்தார்கள், எங்கிருந்து எடுத்தார்கள் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் அந்தப் பட்டியலுக்கு இருக்கும் மதிப்பு சாதாரணமல்ல. ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியரிடம் பெற்றோர் வந்து கேட்பது அதை வைத்துத்தான்: "டீச்சர், எங்களுக்குக் கெடச்ச ஸ்கூல் லிஸ்ட்ல கீழ இருக்கே, வேற எங்கயாவது மாத்தலாமா?"

பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை. பிள்ளையின் அடுத்த ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் அதில் அடங்கியிருக்கின்றன. பதில் சொல்லும் நிலையில் இருப்பவர்கள் நாம், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்களும். அந்தப் பதிலைப் பட்டியலிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறோம் என்பதுதான் இங்கே விமர்சனத்துக்கு உரியது. பட்டியல் பள்ளியை அளப்பதைவிட, அங்கே நுழைந்த பிள்ளைகளையே அதிகம் அளக்கிறது. அதை நம்பி ஆளுக்கொரு திசையில் பிள்ளைகளை அனுப்பும்போது, அவர்களின் தமிழ் வகுப்பையும் சேர்த்தே கலைக்கிறோம்.

எண் எப்படி வருகிறது?

பட்டியலில் இருக்கும் எண் கிரெட் புராத்தா செக்கோலா, சுருக்கமாக ஜி.பி.எஸ். பள்ளியின் சராசரித் தரம் என்று சொல்லலாம். எஸ்பிஎம் தரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஏ பிளஸ் என்றால் 0, ஏ என்றால் 1, ஏ மைனஸ் 2, பி பிளஸ் 3, பி 4, சி பிளஸ் 5, சி 6, டி 7, இ 8, தோல்வியான ஜி 9. எல்லா மாணவரும் எழுதிய எல்லாப் பாடங்களின் மதிப்புகளையும் கூட்டி, எழுதிய எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது ஜி.பி.எஸ். எண் சிறியதாக இருந்தால் அடைவு நல்லது. தேசிய அளவில் இதே கணக்கு 2022 எஸ்பிஎம்மில் 4.74, 2023இல் 4.60, 2024இல் 4.49.

நாடு முழுவதையும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட இந்த எண் பயன்படும். ஒரே பள்ளியின் ஐந்து ஆண்டுப் போக்கைப் பார்க்கவும் ஓரளவு பயன்படும். இரண்டு பள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இது நல்லது, அது மட்டம்' என்று தீர்ப்புச் சொல்லும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

ஒரே மாவட்டம், ஆனால் ஒரே வகைப் பள்ளிகளா?

கிள்ளான் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் மாவட்டம் இது. முழு உறைவிடப் பள்ளியான கோலேஜ் இஸ்லாம் சுல்தான் ஆலாம் ஷா இங்கேதான் இருக்கிறது. அங்கே மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சேர்க்கப்படுகிறார்கள். அதே மாவட்டத்தில்தான் படகு ஏறிப் போக வேண்டிய கேத்தாம் தீவில் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியும் இருக்கிறது. நகரத்தில் பழைய மிஷன் பள்ளிகள் உண்டு. அவற்றில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியும் கான்வென்ட்டும் பெண் பிள்ளைகளுக்கானவை. பண்டமாரான், காப்பார், ஶ்ரீ அண்டாலாஸ் பக்கம் போனால், சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் சாதாரண பகல் பள்ளிகள்.

இவை அத்தனையும் ஒரே பட்டியலில் வந்தால் வரிசை எப்படி அமையும்? தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளி மேலே வரும். பெண்கள் பள்ளி கலப்புப் பள்ளியைவிட மேலே வர வாய்ப்பு அதிகம். நம் நாட்டுத் தேர்வுகளில் பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்வது புதுச் செய்தி இல்லை. 2013 முதல் 2025 வரைக்குமான மலேசியக் கல்விப் பெருந்திட்டமே இந்த இடைவெளியைக் கவலையோடு பதிவு செய்திருக்கிறது. ஆக, வரிசையின் பெரும் பகுதியை முதல் படிவத்தில் யார் நுழைந்தார்கள் என்பதை வைத்தே ஊகித்துவிடலாம். ஐந்து ஆண்டு பாடம் நடத்திய ஆசிரியரின் உழைப்பு அதில் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

எண் எப்படி ஏமாற்றும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்ப்போம். மாணவர்களும் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

'அ' பள்ளி, 'ஆ' பள்ளி என்று இரண்டு. இரண்டிலும் 100 மாணவர்கள் எஸ்பிஎம் எழுதுகிறார்கள். எல்லாரும் ஒரே எண்ணிக்கையில் பாடங்கள் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அ பள்ளியில் தொடக்கப்பள்ளியிலிருந்தே நன்றாகப் படித்து வந்தவர்கள் 80 பேர். அவர்களின் சராசரித் தரம் 3.0. பின்தங்கி வந்தவர்கள் 20 பேர். அவர்களின் சராசரி 6.5. மொத்தம் 240ம் 130ம் சேர்ந்து 370. பள்ளியின் ஜி.பி.எஸ். 3.70.

ஆ பள்ளியில் நிலைமை தலைகீழ். நன்றாகப் படித்து வந்தவர்கள் 20 பேர்தான். அவர்களின் சராசரி 2.8. பின்தங்கி வந்தவர்கள் 80 பேர், சராசரி 6.0. மொத்தம் 56ம் 480ம் சேர்ந்து 536. ஜி.பி.எஸ். 5.36.

பட்டியலில் அ பள்ளி மேலே, தேசிய அளவைவிட நல்ல நிலையில். ஆ பள்ளி கீழே, சிவப்பு வண்ணத்தில். இப்போது மறுபடியும் கவனியுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளை அ பள்ளியில் 3.0 வாங்குகிறான், ஆ பள்ளியில் 2.8. பின்தங்கிய பிள்ளை அ பள்ளியில் 6.5 வாங்குகிறான், ஆ பள்ளியில் 6.0. அதாவது எந்த வகைப் பிள்ளையானாலும் ஆ பள்ளியில்தான் தேறுகிறான். பெற்றோரோ அ பள்ளிக்குத்தான் வரிசை பிடிப்பார்கள். புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். பெயர் நமக்கு முக்கியமில்லை. வாசலில் யார் நுழைந்தார்கள் என்று கேட்காமல் சராசரியை ஒப்பிட்டால் இப்படித்தான் ஆகும்.

வராத பிள்ளைகள்

இதே ஆ பள்ளியில் இன்னொன்றும் நடக்கலாம். மிகவும் பின்தங்கிய 10 பேர், சராசரி 8.5 வாங்கக்கூடியவர்கள், தேர்வு மண்டபத்துக்கே வரவில்லை. எழுதாதவர்களின் மதிப்பு கணக்கில் சேராது. 536இலிருந்து 85 போனால் 451. அதை 90ஆல் வகுத்தால் 5.01. ஒரு பாடமும் கூடுதலாக நடத்தாமல் பள்ளி 5.36இலிருந்து 5.01க்கு 'முன்னேறி'விட்டது! பாராட்டுப் பதாகை கட்டுவார்கள். 10 பிள்ளைகள் சான்றிதழ் இல்லாமல் பண்டகசாலை வேலைக்கும் லாரி அட்டெண்டன் வேலைக்கும் போயிருப்பார்கள்.

நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது வெறும் கணக்கு இல்லை. மூன்றாம் படிவத்திலேயே பள்ளிக்கு வருவது குறைந்து, ஐந்தாம் படிவத்தில் பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும் பையன்களைக் கிள்ளானிலும் செந்தூலிலும் பணியாற்றும் ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள். மலாய்மொழியில் போதிய அடைவு இல்லாமல் புகுமுக வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு ஓராண்டு கூடுகிறது. சேர்ந்து படித்த தோழர்கள் முன்னே போய்விடுகிறார்கள். அங்கேயே மனம் விட்டுப் போகும் பிள்ளைகள் உண்டு. இவர்களை விடாமல் பிடித்து வைத்து, மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறவைத்து, எஸ்பிஎம் சான்றிதழோடு அனுப்பும் பள்ளி பெரிய காரியம் செய்கிறது. பட்டியல் அந்தப் பள்ளிக்குத் தண்டனைதான் கொடுக்கிறது. இ வாங்கித் தேறிய ஒவ்வொரு பிள்ளையும் சராசரியைக் கீழே இழுக்கிறான்.

பெரிய பெயர்கள்

பட்டியலுக்கு முன்பிருந்தே நம்மிடம் இன்னோர் அளவுகோல் இருக்கிறது. அது பெயர். கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் 1893இல் தொடங்கியது. கிள்ளானின் மெதடிஸ்ட் ஏசிஎஸ் பள்ளியும் அதே ஆண்டு தொடங்கியதுதான். கோலாலம்பூர் செயின்ட் ஜான்ஸ் 1904. கிள்ளான் ஹை ஸ்கூல் 1928. ஆங்கிலம் படித்தால்தான் அரசாங்க வேலை என்ற காலத்தில் வளர்ந்த பெயர்கள் இவை. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு அந்த வாசல் எட்டாத தூரத்தில் இருந்தது. அந்த ஏக்கம் இரண்டு மூன்று தலைமுறை தாண்டியும் நம் வீடுகளில் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் படித்த டான் ஶ்ரீ ஆனந்த கிருஷ்ணனை எடுத்துக்காட்டாகச் சொல்வதும் வழக்கம். 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது இந்தச் செய்தி மறுபடியும் எல்லாராலும் பகிரப்பட்டது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய ஒருவர் அவ்வளவு உயரம் போனார் என்பது பெருமைக்குரியதுதான். ஆனால் ஒரு பெரிய மனிதரைக் காட்டி ஒரு பள்ளியை மதிப்பிட முடியாது. அவர் படித்தது 1950களின் பள்ளியில். பெற்றோர் இன்று விண்ணப்பிப்பது இன்றைய பள்ளிக்கு. இன்றைய பள்ளி நல்லதாகவே இருக்கலாம். அதைச் சொல்ல இன்றைய சான்று வேண்டும் என்பதுதான் கேள்வி.

15 பேர் இருந்தால் ஒரு வகுப்பு

எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமான இடம் இது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். தமிழ்வழி இடைநிலைப்பள்ளி இல்லாத நாட்டில், முதல் படிவத்துக்குப் பிறகு தமிழ் வாழ்வது இந்த 15ஐ நம்பித்தான். சீனப் பெற்றோருக்குக் கிள்ளானில் மட்டும் நான்கு தனியார் சீன இடைநிலைப்பள்ளிகள் இருக்கின்றன. நமக்கு அந்த வழி கிடையாது.

இப்போது பட்டியலின் வேலையைப் பாருங்கள். ஒரு தமிழ்ப்பள்ளியில் 60 பேர் ஆறாம் ஆண்டு முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு 40 பேர் சேர்ந்து போனால் அங்கே தமிழ் வகுப்பு உறுதி. ஆசிரியர் பணியிடம் கேட்கலாம், கால அட்டவணையில் இடம் கேட்கலாம், தமிழ்மொழிக் கழகம் நடத்தலாம், ஐந்தாம் படிவத்தில் தமிழ் இலக்கியம் எழுதவும் நாலு பேர் தேறுவார்கள். அதே 60 பேரும் பட்டியலின் மேல் வரிசையைத் துரத்தி எட்டுப் பள்ளிகளுக்குச் சிதறினால் ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பேர். மற்ற தமிழ்ப்பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேராவிட்டால் எந்தப் பள்ளியிலும் 15 தேறாது. பிள்ளை பள்ளி முடிந்து பேருந்தைத் தவறவிட்டு, வேறு பள்ளியில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு ஓட வேண்டும். இரண்டு மாதம் ஓடுவான். பிறகு, "வேணாம் மா, ஒரு பாடம் கொறஞ்சா என்ன" என்பான்.

எஸ்பிஎம் பாட எண்ணிக்கையை 10ஆகக் குறைக்கும் அறிவிப்பு 2009இல் வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபடும் என்று சமுதாயமே எழுந்து பேசியது. வரம்பு 12ஆனது. அன்று வெளியிலிருந்து வந்த ஆபத்தை நாம் கண்டுகொண்டோம். இன்று பிள்ளைகள் சிதறுவதால் வரும் ஆபத்துக்கு அறிவிப்பு எதுவும் கிடையாது, யாரும் கூட்டம் போடுவதும் இல்லை.

ஜி.பி.எஸ். மோகம் பள்ளிக்குள்ளும் வேலை செய்யும். கூடுதலாக ஒரு பாடம் எழுதும் சுமாரான மாணவனின் தரமும் சராசரியில் சேர்கிறது. 'தமிழை விட்டுவிடு, இருக்கிற பாடத்தைப் பார்' என்று அவனிடம் சொன்னால் எண்ணுக்கு நட்டம் இல்லை. அப்படிச் சொல்லாமல் தட்டிக்கொடுக்கும் பள்ளி முதல்வர்களும் இருக்கிறார்கள். அவர்களின் நல்ல மனத்தைப் பட்டியல் காட்டாது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

பட்டியல் நோய் நமக்கு மட்டும் வந்ததில்லை. சிங்கப்பூர் 2004இல் இடைநிலைப்பள்ளிகளைத் துல்லியமாக வரிசைப்படுத்துவதைக் கைவிட்டது. 2012இல் அதற்குப் பதிலாக வைத்திருந்த தரப்பிரிவு முறையையும் நீக்கியது. தமிழ்நாட்டில் 2017இல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பது நிறுத்தப்பட்டது. வேல்ஸ் 2001இல் பள்ளிப் பட்டியலை நிறுத்தியது. இங்கிலாந்து நிறுத்தவில்லை. ஆனால் 2016 முதல், ஒரே தொடக்கநிலை அடைவோடு வந்த பிள்ளைகளை ஒப்பிட்டு, யார் எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்க்கும் அளவையைக் கொண்டுவந்தது. அதுவும் வீட்டு வறுமையைக் கணக்கில் எடுக்கவில்லை என்ற குறை இருந்தது. என்றாலும் நுழைந்த இடத்தையும் வெளிவந்த இடத்தையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் சரியானது.

நம் நாட்டில் அப்படிப் பார்க்கும் வாய்ப்பு இப்போது குறைந்துவிட்டது. யுபிஎஸ்ஆர் கடைசியாக நடந்தது 2019இல். அது 2021இல் அகற்றப்பட்டது, பிடி3 2022இல். 2019இல் யுபிஎஸ்ஆர் எழுதி, நேரே முதல் படிவம் போன பிள்ளைகள் 2024இல் எஸ்பிஎம் வகுப்புக்கு வந்தார்கள். புகுமுக வகுப்பு வழியாகப் போனவர்கள் ஓராண்டு பின்னால். அவர்களோடு, நாடு தழுவிய தொடக்க அளவும் முடிவு அளவும் சேர்ந்த கடைசி அணி கடந்துபோகிறது. தேர்வுச் சுமை குறைந்தது நல்லதே. அதோடு 'இந்தப் பள்ளி இந்தப் பிள்ளையை எங்கிருந்து எங்கே கொண்டு வந்தது' என்ற கேள்விக்கு இருந்த பொது ஆதாரமும் போயிற்று. மிஞ்சியிருப்பது எஸ்பிஎம் எண் ஒன்றுதான். பட்டியலின் பிடி இனி இன்னும் இறுகும்.

பெற்றோருக்கு என்ன சொல்லலாம்?

ஒப்பிடவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. எண் இல்லாவிட்டால் சோம்பேறிப் பள்ளியும் ஒளிந்துகொள்ளும். பெற்றோருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமையும் இருக்கிறது. ஒப்பிடும் முறையைத்தான் மாற்ற வேண்டும். முதல் படிவப் பதிவுக்கு முன்னால், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சுற்றியுள்ள மூன்று நான்கு இடைநிலைப்பள்ளிகளை அணுகி இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்:

1. ஐந்து ஆண்டுக்கு முன் முதல் படிவத்தில் நுழைந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் எஸ்பிஎம் எழுதினார்கள், எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள்? புகுமுக வகுப்பில் நுழைந்தவர்களுக்கு ஆறு ஆண்டுக் கணக்கு.
2. மாணவர்கள் தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்படுகிறார்களா, வட்டாரப் பிள்ளைகள் எல்லாரையும் பள்ளி ஏற்கிறதா?
3. பள்ளியின் ஜி.பி.எஸ். மூன்று நான்கு ஆண்டுகளில் எப்படி நகர்ந்திருக்கிறது? அதே ஆண்டுகளில் எழுதியவர் எண்ணிக்கை குறைந்ததா?
4. தமிழ் வகுப்பு கால அட்டவணைக்குள் இருக்கிறதா, பள்ளி நேரத்துக்குப் பிறகா? நிரந்தரத் தமிழாசிரியர் இருக்கிறாரா? தமிழும் இலக்கியமும் எழுதுவோர் எத்தனை பேர்?
5. மலாய்மொழியில் பின்தங்கி வரும் பிள்ளைக்கு முதல் ஆண்டில் என்ன உதவி? வருகை குறையும் பிள்ளையின் வீட்டுக்கு யார் போகிறார்கள்?
6. நம் பள்ளியிலிருந்து சென்ற ஆண்டு அங்கே போனவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?

ஆறாவது கேள்விக்குப் பதில் நம் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எங்கே போனார்கள், யார் எஸ்பிஎம் வரை போனார்கள் என்று ஒரு சாதாரணப் பதிவேடு வைத்தால் போதும். கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற பெரிய தமிழ்ப்பள்ளிக்கும் சரி, காப்பார் பக்கத்துச் சிறிய தோட்டப் பள்ளிக்கும் சரி, அந்தப் பதிவேடு எந்தப் புலனப் பட்டியலையும்விட உண்மை பேசும். பெயர் விவரங்களை வெளியிடத் தேவையில்லை, எண்ணிக்கை போதும். இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்கள் தகவல் கொடுத்து உதவினால், மாவட்ட அளவில் தமிழ்ப்பள்ளிகள் கூடி, எந்தெந்தப் பள்ளிக்குச் சேர்ந்து போனால் தமிழ் வகுப்பு நிலைக்கும் என்று முன்கூட்டியே திட்டமிடலாம்.

மாணவர்களுக்கு

எஸ்பிஎம் தமிழ்மொழித் தாளுக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் இதை ஒரு விவாதத் தலைப்பாக எடுத்துக்கொள்ளலாம்: 'பள்ளிகளைத் தேர்வு முடிவின்படி வரிசைப்படுத்துவது மாணவர் நலனுக்கு உதவும்.' ஆதரித்தோ மறுத்தோ எழுதுங்கள். மறுத்து எழுதுவோர் மேலே உள்ள கணக்கைச் சொந்த எண்களால் மாற்றிப் போட்டுக் காட்டலாம். ஆதரித்து எழுதுவோர் பெற்றோரின் உரிமை, பள்ளியின் பொறுப்பு என்ற இரண்டு கருத்துகளையும் வலுவாக நிறுவ வேண்டும். எந்தப் பக்கம் எழுதினாலும் ஒன்றைச் செய்யுங்கள்: உங்களோடு முதல் படிவத்தில் இருந்து, இப்போது வகுப்பில் இல்லாத நண்பர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பெயர் குறிப்பிடாமல் அந்த எண்ணை மட்டும் உங்கள் கட்டுரையில் சான்றாகச் சேருங்கள்.